சுப்பராயன் வண்டி வெளிச்சம்

சுப்பராயனின் கேரவனுக்குள் போன கதாநாயகி முக்கால் மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. எதிரே தன் கேரவன் படியில் உட்கார்ந்திருந்த சௌக்கத் அலிக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாதா பின்னே? காசிமேட்டில் படப்பிடிப்பு தொடங்கியபோது இரண்டு கேரவன்கள் வந்து நின்றன. சௌக்கத் அலி ஓட்டி வந்தது புத்தம் புதுசு. கட்டில், குட்டி ஃபிரிட்ஜ், மேக்கப் கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு ஹாலஜன் பல்புகள் என்று சகல சௌகரியமும் உண்டு. சுப்பராயன் ஓட்டி வந்ததோ கதவை இழுத்தால் கைப்பிடி கையோடு வரும் ரகம். முதல் நாள் புது வண்டியில் ஏறிய அந்தப் பெண், இரண்டாம் நாள் எதிர் வண்டிக்குப் போனாள். போனவள் போனவள்தான்.

இதில் மானப் பிரச்சினை வேறு இருந்தது. தண்டையார்பேட்டையில் அவர்கள் தெரு முழுக்க, "எங்க வூட்டுக்காரர் வண்டிலதான் அவங்க கீறாங்க" என்று மனைவி ஜீனத் சொல்லி முடித்துவிட்டாள். இப்போது மேனேஜர் வந்து, மேடம் ஏறாத வண்டிக்கு இங்கே என்ன வேலை, நாளை மறுநாளிலிருந்து ஒரே வண்டி போதும், இன்னொன்று எண்ணூர் ஷெட்டுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜீனத் முகத்தில் எப்படி விழிப்பது? தெருவின் முகத்தில் எப்படி விழிப்பது?

மேடத்துக்கு டச்-அப் செய்யும் சிலுவையம்மாளைப் பிடித்தான். அப்படி என்னதான் இருக்கிறது அந்தத் தகர டப்பாவில் என்று கேட்டான்.

"வெளிச்சம் பாய்," என்றாள் அவள். "அதுல மூஞ்சி உள்ளது உள்ளபடி தெரியுதாம். உன் வண்டில பல்பு சூட்டுல மேக்கப்பு உருகி கழுத்துக்கு வந்துடுது."

சாப்பாட்டு வேளையில் எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்த நேரம் பார்த்து, சௌக்கத் அலி எதிர் வண்டிக் கதவின் திரையை விரலளவு விலக்கினான். உள்ளே பால் மாதிரி வெள்ளை வெளிச்சம். கையை நீட்டி, கதவோரம் கண்ணாடியை ஒட்டியிருந்த பல்பைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. அவன் வண்டிப் பல்பைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பர்மா பஜாரில் கடை வைத்திருக்கும் மச்சான் காலித்துக்குப் போன் போட்டான். வெள்ளையாக எரியும், சூடே இல்லை, அது என்ன பல்பு? எல்.இ.டி., இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது, அதெல்லாம் பெரிய இடத்து ஆள்கள் போடுவது என்றான் காலித்.

பெரிய இடத்து ஆளாம், சுப்பராயனாம். சௌக்கத் அலிக்குத் தொண்டைக்குக் கீழே எதுவும் இறங்கவில்லை. அன்று சாயங்காலமே பன்னிரண்டு எல்.இ.டி. பல்புகளை வாங்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலையில் பழைய பல்புகள் அத்தனையும் கழற்றிப் புதுசை மாட்டினான். சுவிட்சைப் போட்டான். பன்னிரண்டும் கண்ணடித்தன. நிறுத்திப் போட்டான், இன்னும் வேகமாகக் கண்ணடித்தன. சோதனைக்காகக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்த சிலுவையம்மாள் ரெண்டே நிமிடத்தில் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுபடி காலித். நிறைய கரண்டு இழுக்கும் பழைய பல்புக்காக உன் வண்டியில் வைத்த டிரான்ஸ்பார்மர் இத்துனூண்டு கரண்டு இழுக்கும் பல்பை மதிக்காது, பழைய பல்பு கொஞ்சம் சேர்த்துப் போட்டால் ஒழுங்காக எரியும் என்றான். அதற்கென்ன என்று கண்ணாடியின் வலது பக்கம் மட்டும் பழைய பல்புகள் ஆறைத் திரும்ப மாட்டினான் சௌக்கத் அலி. கண்ணடிப்பது நின்றது. வலப்பக்கம் மஞ்சளும் இடப்பக்கம் நீலம் கலந்த வெள்ளையுமாகக் கண்ணாடி ஜொலித்தது. சுப்பராயனிடம் ஒரு நிறம்தானே இருக்கிறது, நம்மிடம் இரண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

பிறகு மேனேஜரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். ஒரே ஒரு தடவை மேடம் நம்ம வண்டியில் மேக்கப் போடட்டும், பிடிக்கவில்லையென்றால் நானே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். மேனேஜர் போய்ச் சொல்ல, அந்தப் பெண்ணும் நல்ல மாதிரி, சரியென்று வந்து உட்கார்ந்தாள்.

மேக்கப்காரருக்கு இடது கன்னம் செத்த மீன் மாதிரி வெளிறித் தெரிந்தது. சிவப்பை அப்பினார். பத்தவில்லை. இன்னும் அப்பினார். வலது கன்னம் மஞ்சள் வெளிச்சத்தில் தங்கமாக மின்னியதால் அதைத் தொடவேயில்லை. சௌக்கத் அலி வாசலில் நின்று, எதிரே பார்த்துக்கொண்டிருந்த சுப்பராயனைப் பார்த்து மீசையைத் தடவினான். சுப்பராயன் முகம் சுருங்கிப்போனது. மூன்று நாளில் முதல் தடவையாகச் சௌக்கத் அலிக்குப் பசித்தது.

மேடம் வெயிலில் இறங்கி வந்தாள். டைரக்டர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "யாரும்மா உன்னை அறைஞ்சது?" என்று கேட்டார்.

மீன் ஏலம் போட வந்த பெண்கள்வரை சிரித்தார்கள். அந்தப் பெண் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நேரே சுப்பராயன் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேனேஜர் எண்ணூர் இருக்கும் திசையில் கையைக் காட்டினார்.

சௌக்கத் அலி வண்டிச் சாவியை எடுத்தான். போவது போகிறோம், விஷயத்தையாவது தெரிந்துகொண்டு போவோம் என்று தோன்றியது. மானம், ரோஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு எதிர் வண்டிக்கு நடந்தான். சுப்பராயன் டீ குடிக்கப் போயிருந்தான். படியில் சிலுவையம்மாள் உட்கார்ந்து மேடத்தின் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சிலுவ, நான் தோத்துட்டேன், ஒத்துக்கிறேன்," என்றான். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. இந்த எல்.இ.டி.ய அவன் எந்தக் கடைல வாங்குனான்?"

அவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"இதுல எந்த பல்பு பாய் எரியுது, கரண்டு போயி ஆறு மாசமாச்சு. திருவொத்தியூர்ல மரக்கிளை இடிச்சி கூரை மூடி பிச்சிகினு பூட்ச்சி, அது வழியா வெயிலு வுழுது, அவ்ளோதான். வானம் ஒரு நாளு மூடுனாலும் மேடம் உன் பல்பாண்ட ஓடிடுவாங்களேன்னு பொறாமைல அந்தாளு மூணு நாளா சோறே துன்னல."