பதிவுகாரரின் அலுமாரி

"புத்தகத்தை எடுக்கிறியோ, நான் பூட்டை உடைக்கிறதோ?"

"பொன்னம்பலமண்ணை, அலுமாரியிலை கை வைச்சால் கச்சேரியிலை அரசாங்க அதிபருக்கு எழுதுவன்!"

சுன்னாகச் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகாரர் தியாகராசா அலுமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்றார். பொன்னம்பலத்துக்கு வேண்டியது ஒரேயொரு பிறப்புப் பதிவு. கிளிநொச்சியில் வேலை பார்க்கும் மகன் குகதாசனுக்குக் குணலட்சுமியைப் பேசியிருந்தார்கள். சாதகத்தில் அவளுக்கு இருபத்தாறு. ஊர்வாயில் அதற்கு மேல். அந்த வாய் யாருடையது என்பது இப்போது எதற்கு?

ஓய்வுபெற்ற தபாலதிபர் நமசிவாயம் கூப்பிடாமலே வந்தார். எங்கள் உடுவிலில் அவர் தலையிடாத வழக்கில்லை. தலையிட்டுத் தீர்ந்த வழக்கும் அதிகமில்லை.

"தம்பி தியாகராசா, எழுதித் தந்தால் காட்டலாந்தானே?"

பொன்னம்பலம் எழுதினார். பதிவுகாரர் படிவத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்ன உறவெண்டு போடேல்லையே?"

"வருங்கால மாமன்!"

"அப்பிடியொரு உறவுக்குக் காட்டேலாது."

நமசிவாயம் அசரவில்லை. "அப்ப நான் மட்டும் பாத்து, சரி, பிழை எண்டு மட்டும் சொல்லுறன். கலியாணம் நடத்தி வைக்கிறது என்ரை பொறுப்பு."

அதற்குள் செய்தி சைக்கிளில் போய், பெண்ணின் தாய் பூரணத்தைக் கூட்டி வந்துவிட்டது.

"என்ரை பிள்ளையின்ரை வயதைக் கிண்டுறவர், தன்ரை பெடியன்ரை வயதையும் காட்டட்டும்!"

"அதுதான் நியாயம்! ரெண்டையும் எடுங்கோ," என்றார் நமசிவாயம்.

இப்போது பெற்றவர்களே கேட்கிறார்கள். பதிவுகாரருக்கு மறுக்க ஒரு சாட்டும் இல்லை. பியோன் செபமாலை இரண்டு பிறப்புப் புத்தகங்களைத் தூக்கி வந்தார்.

நமசிவாயம் இரகசியமாகத்தான் சொன்னார். முப்பது வருசம் தபால் கந்தோரில் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. வேலிக்கு வெளியே நின்ற எங்களுக்கே கேட்டது.

"பெட்டைக்கு இருபத்தெட்டு. பெடியனுக்கு இருபத்தேழு."

"பொம்பிளை மூப்போ? இந்தச் சம்பந்தம் வேண்டாம்!"

"ஓமோம், உங்கடை பெடியனுக்கு இஞ்சை ஆர் அழுதது?"

இருவரும் வெளியேற ஆளுக்கொரு வேலிப்படலையைத் தேடினார்கள். நமசிவாயம் சால்வையை உதறித் தோளில் போட்டார். "பாத்தியளே, அடிபிடி இல்லாமல் முறிச்சு வைச்சிட்டன்."

புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த செபமாலை திரும்பினார்.

"முறிக்கேலாது ஐயா. எல்லாரும் பிறப்புப் புத்தகத்தைத்தான் கேட்டியள், விவாகப் புத்தகத்தை ஒருத்தரும் கேக்கேல்லை. பெடியனும் பெட்டையும் போன வைகாசியிலையே கலியாண எழுத்து எழுதிட்டினம், ஒரு சாட்சி நான்தான். நீங்கள் இஞ்சை கத்திக்கொண்டு நிக்கேக்கை கிளிநொச்சி பஸ்ஸும் ஏறிட்டினம்."