வேலிப் பேச்சும் கதவுப் பேச்சும்

வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வரலாமா, வந்தால் அதற்கு எவ்வளவு வரி போடலாம் என்பதை முடிவுசெய்கிறவர்கள் நாட்டின் தலைநகரத்தில் இருக்கிறார்கள். அதைப் பற்றித் தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் மாநிலச் சட்டமன்றத்தில் இருக்கிறார்கள். நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போவது இந்த இரண்டாவது இனத்தை. பயப்பட வேண்டாம், கடிக்காது. கை தட்டினால் நிமிரும், கேள்வி கேட்டால் குனியும், மற்றபடி சாது.

எங்கள் தொகுதி உறுப்பினர் இந்த இனத்தில் முதல் தரம். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு, ஆனால் அது வாக்குச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். ஊருக்கு அவர் 'அதுவும்சரியார்'. யார் எதைச் சொன்னாலும் கண்ணை மூடி, தலையை இரண்டு முறை ஆட்டி, "அதுவும் சரிதான்" என்பார். காலை ஒன்பது மணிக்கு ஓட்டுத் தொழிற்சாலையில், வெளிநாட்டு ஓடு ஒன்றுகூட இந்த மண்ணில் இறங்க விடமாட்டேன், இறங்கினால் என் மேல் ஏறித்தான் இறங்க வேண்டும் என்று மார்தட்டிவிட்டு, கார் ஏறி, பதினோரு மணிக்குக் கையுறை ஏற்றுமதி செய்கிறவர்களின் கூட்டத்தில் இறங்கி, உலகமே ஒரு சந்தை, அதில் வேலி போடுகிறவன் கிணற்றுத் தவளை என்று முழங்குவார். இரண்டு இடத்திலும் கை தட்டல் ஒரே அளவுதான்.

பொய் பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் எல்லாரும் அவரைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஓட்டுத் தொழிற்சாலையில் பேசும்போது அவருக்கு நிஜமாகவே நெஞ்சு அடைக்கும். கையுறைக்காரர்களிடம் பேசும்போது நிஜமாகவே உடம்பு சிலிர்க்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் நியாயம் அவருக்குள் அப்படியே இறங்கிவிடும். இடத்தைவிட்டு எழுந்ததும் அதுவும் எழுந்து போய்விடும். இதற்கு அவர் என்ன செய்வார், பாவம்?

செய்ததெல்லாம் ஒரு ஏற்பாடு. சட்டையின் இடது பையில் 'வேலி' என்று ஒரு பேச்சு, வலது பையில் 'கதவு' என்று ஒரு பேச்சு. வேலிப் பேச்சு வெளிநாட்டுச் சரக்குக்கு வரியை ஏற்று என்னும், கதவுப் பேச்சு வரியை எடு என்னும். இரண்டும் "உழைத்துச் சிவந்த கரங்களே!" என்று தொடங்கி, "என் கடைசி மூச்சு உள்ளவரை" என்று முடியும். நடுப்பக்கம் மட்டும்தான் வேறு. எந்த இடத்தில் எந்தப் பை என்று கண்டுபிடிக்க ஓர் உதவியாளர். அவர் அரை மணி நேரம் முன்னதாகப் போய்த் தொழிற்சாலை வாசலில் நிற்பார். வெளிநாட்டு எழுத்து போட்ட பெட்டி லாரியிலிருந்து இறங்கினால், இவர்கள் வெளியிலிருந்து வாங்குகிறவர்கள், ஆகவே கதவு. இறங்காவிட்டால் வேலி. உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்தான். ஆனால் கேட்டால் ஐயாவுக்கு எதுவும் தெரியாது என்று ஆகிவிடாதா? அதனால் ஆறு வருடமாக வாசலோடு சரி. ஒருமுறைகூடத் தவறியதில்லை.

தவறியது குடைப் பட்டறையில்.

குடைக்கார அம்மாவின் பட்டறை பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. பதினெட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு மேசையில் கறுப்புத் துணியை முக்கோணம் முக்கோணமாக வெட்டுவார்கள், அடுத்த மேசையில் எட்டு முக்கோணத்தைச் சேர்த்துத் தைப்பார்கள், சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்கள் துணியைக் கம்பியின் நுனியில் ஊசி நூலால் கட்டுவார்கள். அன்றைக்கு வாசலில் லாரி நின்றது. அதிலிருந்து வெளிநாட்டு எழுத்து போட்ட பெட்டிகள் இறங்கின. உதவியாளர் போனை எடுத்து, "ஐயா, கதவு" என்றார்.

அதுவும்சரியார் வந்தார், வலது பையில் கையை விட்டார், வாசித்தார். வெளிநாட்டுக் குடைகள் தடையில்லாமல் வரட்டும், மலிவாக வரட்டும், மலைமலையாக வரட்டும், ஏழைக் குழந்தை ஒன்றுகூட மழையில் நனையக் கூடாது என்றார். கண்கூடக் கலங்கியது. யாரும் கை தட்டவில்லை. தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

குடைக்கார அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, வெளியிலேர்ந்து வர்றது கம்பி மட்டும்தான். குடையை நாங்கதான் செய்யறோம். முழுக் குடையாவே வந்து இறங்குச்சுன்னா, எங்க கதை முடிஞ்சுது."

வேறு ஆளாக இருந்தால் வியர்த்திருக்கும். இவர் கண்ணை மூடித் தலையை இரண்டு முறை ஆட்டினார்.

"அதைத்தாம்மா நானும் சொல்ல வந்தேன். அப்படியெல்லாம் வரட்டும்னு சொல்றவங்க இருக்காங்களே, அவங்களைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன்."

கை இடது பைக்குப் போனது. வேலிப் பேச்சு வெளியே வந்தது. அந்த வேகத்திலேயே, முதலில் நடந்த பிசகை மறைக்க, எழுதி வைக்காத ஒரு வாக்கியத்தையும் சொல்லித் தொலைத்தார்: "முழுக் குடை மேல வரியை ஏத்தச் சொல்லி, நானே சட்டசபையில தீர்மானம் கொண்டு வர்றேன்!"

பட்டறை அதிர்ந்தது. குடைக்கார அம்மா மட்டும் கை தட்டாமல், "எப்போங்க?" என்றார்.

"வர்ற புதன்கிழமை."

"நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் மழை சீசனுக்குக் கம்பி ஆர்டர் சொல்லணும். வரி ஏறும்னா பதினெட்டு பேருக்கும் வேலை இருக்கு. ஏறாதுன்னா ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பணும். சட்டசபை அழுத்திச் சொன்னா மேல கேப்பாங்கன்னு சொல்றாங்க. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். மனைவியின் ஒரே தம்பி. துறைமுகத்தில் அவனுக்கு நான்கு கன்டெய்னர் நிறைய வெளிநாட்டுக் குடைகள் வந்து நிற்கின்றன, இன்னும் ஆறு கடலில் வந்துகொண்டிருக்கின்றன.

"மாமா, யாரோ குடைக்கு வரி ஏத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டு வராங்களாமே, எந்தப் புண்ணியவான் அது?"

அதுவும்சரியார் தண்ணீர் குடித்தார். மனைவி தட்டில் குழம்பை ஊற்றியபடியே பேசினார்.

"வேற யாரு, உன் மாமாதான். இத பாருங்க, கட்டின வீட்டுக் கடனையே இன்னும் அடைக்காம இருக்கான் என் தம்பி. இப்பத்தான் தலையெடுக்கறான். அவன் வயித்துல அடிச்சிடாதீங்க."

"மலிவா விக்கிறது ஒரு குத்தமா மாமா? வாங்கறவனும் ஏழைதானே?"

"அதுவும் சரிதான்" என்றார். சத்தியமாக அவருக்கு அது சரி என்றுதான் பட்டது.

புதன்கிழமை வந்தது. சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் குடைக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். நான்கு இருக்கை தள்ளி மச்சினன். அதுவும்சரியார் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பக்கமும் ஒரே அறையில் இருந்தன. எழுந்து இருபது நிமிடம் வேலியைப் பேசினார். மச்சினன் முகம் சுருங்குவதைப் பார்த்து, இருபது நிமிடம் கதவைப் பேசினார். அதற்குள் சபையும் சூடாகிவிட்டது.

"குடைக்கு மட்டும் வேலியா? எங்க ஊர் செருப்பு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஒருவர் எழுந்தார்.

"வேலி போட்டா கப்பல் வராது. என் துறைமுகத்துல மூட்டை தூக்கறவன் காத்தையா தூக்குவான்?" என்று இன்னொருவர் பாய்ந்தார்.

செருப்புக்காரருக்குத் தோல் மட்டும் மலிவாக வர வேண்டும். துறைமுகத்துக்காரரின் தொகுதியில் ஒரு பீங்கான் ஆலையும் இருந்தது, அதற்கு மட்டும் வேலி வேண்டும். ஒவ்வொருவர் சட்டையிலும் இரண்டு பை இருந்திருக்கிறது, இத்தனை நாளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கூச்சல் உச்சத்தில் இருந்தபோது அதுவும்சரியார் கையை உயர்த்தி ஒரு திருத்தம் முன்மொழிந்தார். முழுக் குடை மீதான வரியை உயர்த்துமாறும், அவ்வாறு உயர்த்துவதால் எவரும் பாதிக்கப்படாவண்ணம் அதைக் குறைக்குமாறும் மத்திய அரசை இச்சபை கேட்டுக்கொள்கிறது.

 பிறகு மேசைகள் தட்டப்பட்டன. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வேறுபாடில்லாமல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஐந்து வருடமாக அவர் முகத்தைப் பார்க்காத எதிர்க்கட்சித் தலைவர் இருக்கையைவிட்டு இறங்கி வந்து கைகொடுத்தார்.

மறுநாள் காலை குடைக்கார அம்மா அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, அப்போ வரி ஏறுமா, ஏறாதா?"

"தீர்மானம் நிறைவேறிடுச்சேம்மா! ஒருத்தர்கூட எதிர்க்கலை, பாத்தீங்கல்ல?"

"பாத்தேங்க. நான் நாளைக்குக் கம்பிக்குச் சொல்லணும். பதினெட்டு பேருக்குச் சொல்லவா, ஒன்பது பேருக்குச் சொல்லவா?"

அவர் கை இடது பைக்குப் போனது, பிறகு வலது பைக்குப் போனது. உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் ஜன்னலைப் பார்த்தார். தெருவில் லாரி எதுவும் இல்லை. கடைசியில், ரொம்பப் பணிவாக, அவர் அந்த அம்மாவையே கேட்டார்:

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் என்ன நினைக்கிறேன்னு எங்கிட்டயே கேக்கறதுக்கா உங்களுக்கு ஓட்டு போட்டேன்?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியிறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் ஒன்பது பேருக்குத்தான் கம்பி சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் மற்ற ஒன்பது பேரும் அவரவர் கத்தரிக்கோலை அவரவர் பையில் போட்டுக்கொண்டு பட்டறையைவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி கர்ப்பிணி, ஒருத்தி மூன்று தங்கைகளைப் படிக்க வைக்கிறவள். இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். செய்தி கேட்ட அதுவும்சரியாருக்கும் மனசு கேட்கவில்லை. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று மனைவியே சொன்னார். திங்கட்கிழமை தையல்காரரைக் கூப்பிட்டு, வேலை இழந்தவர்களுக்கான பேச்சு வைக்கச் சட்டையில் மூன்றாவதாக ஒரு பை தைக்கச் சொன்னார்.

சிரித்தீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்களை ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்? பாதிச் சம்பளத்துக்கு உங்கள் நாற்காலியில் உட்கார ஒருவன் வெளியிலிருந்து வந்து நின்றால், "இதையெல்லாம் கேக்க ஆளே இல்லையா?" என்று கொதிப்பீர்கள். கொதிக்க வேண்டியதுதான். அன்று சாயங்காலமே கடைத்தெருவில் இரண்டு செருப்பை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த ஊர் என்றுகூடத் திருப்பிப் பார்க்காமல், விலை குறைந்ததைக் காலில் மாட்டிக்கொண்டு வந்தீர்களே, அந்தச் செருப்பைத் தைக்காமல் போன கை யாருடையது?

"அது வேறங்க, இது வேறங்க" என்று சொல்ல வாயெடுக்கிறீர்கள், கேட்கிறது. அடுத்த தேர்தலுக்கு எங்கள் தொகுதியில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லி வைக்கட்டுமா?