திரும்பச் சொன்னார், திரும்பினேன்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் மட்டுமே உள்ள பிள்ளை என்ன செய்யும் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. அதனால்தான் இருபது வயதில், யாழ்ப்பாணப் பட்டணத்துப் பெண்பள்ளிக்கூடம் ஒன்றுக்கு, 'தையலிலும் சித்திரத்திலும் வல்லவள்' என்று என்னை நானே புகழ்ந்து விண்ணப்பம் எழுதிப் போட்டேன். (கையெழுத்து மட்டும் அழகு. அதை நம்பி நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், பாவங்கள்.)

வேலையில் ஆசை இருந்ததோ இல்லையோ, கலியாணத்தில் பயம் இருந்தது. நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர் ஒருவரை ஐயா எனக்குப் பார்த்து வைத்திருந்தார்.

"வேலை கிடைச்சால் ரெண்டு வருசத்துக்கு இந்தப் பேச்சை எடுக்கமாட்டன். கிடைக்காட்டில் நீ ஓம் எண்டு சொல்லவேணும்" என்பது ஐயாவின் தீர்ப்பு. மாப்பிள்ளையைப் பற்றி நான் கேள்விப்பட்டது ஒன்றே ஒன்று: வாய் திறந்தால் வாழையைப் பற்றித்தான் கதைப்பாராம்.

தைத்தவற்றையும் படக் கொப்பிகளையும் கொண்டுவரும்படி பள்ளிக்கூடத்துக் கடிதம் சொன்னது. அரியாலை வீட்டில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். அண்ணையின் மனைவி, என் மச்சாள், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"எடியே, இது மயிலோ கோழியோ?"

"மயில், மச்சாள்."

"அப்ப தோகையை ஆர் பிடுங்கினது?"

தையலின் முன்பக்கமே இந்த லட்சணம். பின்பக்கமோ முடிச்சும் அறுந்த நூலுமாக, வேலியோரத்து நாயுண்ணிப் பத்தைபோல ஒரே புதர். தையல் தெரிந்தவர்கள் துணியைத் திருப்பித்தான் முதலில் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எனவே, தெரிந்தெடுத்த மூன்று மேசைவிரிப்புகளுக்கும் பின்னால் வெள்ளைத்துணி வைத்து, நாலு ஓரமும் தைத்து மூடிவிட்டேன்.

"இது மேசையிலை விரிக்கிறதோ, ஏறிப் படுக்கிறதோ?" என்றார் மச்சாள்.

படக் கொப்பிகள் இரண்டு. ஒன்றில் மச்சாள் சீப்பால் தலை இழுப்பது, ஐயா கொட்டாவி விடுவது, எங்கள் ஆடு. மற்றதில் பக்கத்துக்குப் பக்கம் ரோசாப்பூ.

"மனுசர் இருக்கிறதைக் கொண்டுபோ. உயிர் இருக்கு" என்றார் மச்சாள்.

"ஐயாவின்ரை கொட்டாவியைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துத் துரைசாணிக்குக் காட்டவோ?" என்று ரோசாவை எடுத்துக்கொண்டேன்.

மச்சாள் துணைக்கு வந்து, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே மேசைக்கு அப்பால் இருவர்: தலைமை ஆசிரியையான வெள்ளைக்காரத் துரைசாணியும், ஒரு தமிழ் ஆசிரியையும். துரைசாணி தமிழைப் புத்தகத்தில் படித்தவர்.

"இந்த ரோசாவை எங்கே கண்டீர்?"

"பெட்டியிலை."

"எந்தப் பெட்டி?"

"சவர்க்காரப் பெட்டி."

கொப்பியை மூடிவிட்டார். நான் பதறிப்போய் மேசைவிரிப்பை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தேன்.

"நன்று. பின்பக்கம் பார்க்க வேண்டும். தயவாய்த் திரும்பும்."

திரும்பினேன். (படித்தவர் சொன்னால் காரணம் இருக்கும்.)

"இல்லை, இல்லை. திரும்பும்!"

மறுபடி அவர் முகத்துக்கு நேரே வந்தேன்.

"ஐயோ, மற்றப் பக்கம் திரும்பும்!"

இம்முறை அவசரப்படவில்லை. வீதி வலம் வருகிற சுவாமிபோல, பிடித்த துணி பிடித்தபடி, ஆறுதலாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். தமிழ் ஆசிரியை கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பிள்ளை, உம்மையில்லை. துணியைத் திருப்பட்டாம்."

'திருப்பும்' என்பது 'திரும்பும்' ஆனதில், ஒரே ஒரு எழுத்துப் பிசகில், நான் பம்பரமாகியிருந்தேன்.

துணியைத் திருப்பினேன். துரைசாணி கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை வெட்டினார். பத்தை எட்டிப் பார்த்தது. அவர் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் வெட்கம்.

"நீர் திரும்பியபோது உமது சட்டையின் முதுகைக் கண்டேன். மிக நல்ல தையல். யார் தைத்தது?"

'நான்தான்' என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வெட்டின ஓரத்தில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"மச்சாள்" என்றேன்.

"அவர் எங்கே?"

"வேப்பமரத்தடியிலை நிக்கிறா."

கூப்பிட்டார்கள். வேறொன்றும் கையில் இல்லாததால், மச்சாள் இடுப்பில் செருகியிருந்த லேஞ்சியை நீட்டினார். அதன் பூவேலையில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று துரைசாணியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எனக்குப் படம் கீறத் தெரியாது, அம்மா" என்றார் மச்சாள்.

"கீறப் பழகலாம்" என்றார் துரைசாணி.

வேலை மச்சாளுக்கு. திரும்பி வரும்போது வண்டிலில் அவர் அழுத அழுகை!

"உன்ரை வேலையைப் பறிச்சுப்போட்டனடி."

"அழாதேங்கோ மச்சாள். என்ரை முதுகுக்கு இவ்வளவு மதிப்பு எண்டு இண்டைக்குத்தானே தெரியும்."

ஐயாவுக்குக் கொடுத்த வாக்குப்படி ஓம் சொன்னேன். ஆவணியில் நீர்வேலிக்கு வாழ வந்தேன். கேள்விப்பட்டது சரி, அவர் வாழையைப் பற்றித்தான் கதைத்தார். ஆனால் என் கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். அதோடு என் பயம் தெளிந்தது. மச்சாளோ தலை நரைக்கும்வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்.

கதையை என் வீட்டுக்காரர் எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்துவிட்டார். இன்றைக்கும் குசினியில் நான் எதற்காவது திரும்பினால் போதும், என் மகள் கத்துவாள்:

"அம்மா, திரும்பாதேங்கோ! அடுத்த வீட்டிலை ஆருக்கோ உத்தியோகம் கிடைச்சிடும்!"