நெருஞ்சி முள்ளுக்குப் போட்ட கூச்சல்

எனக்கு வலி தாங்காது. இதை ஒத்துக்கொள்ள இந்த வயதில் வெட்கமில்லை. (ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வீட்டில் விடப்போவதில்லை.)

எண்பதுகளில் திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தோம். என் மனைவி சரசுவுக்கு முன்னே இரண்டு பிள்ளை தங்கவில்லை. மூன்றாவதாவது தங்கவேண்டுமென்று திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டேன். காப்புக் கட்டி, ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. விரதம் சுத்தமாக இருந்தால் தீ சுடாது, சுட்டால் ஏதோ குறை என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

தீமிதியன்று சாயங்காலம் குளத்தில் முழுகி, மஞ்சள் வேட்டியோடு ஏறும்போது பாசிப்படியில் வழுக்கினேன். இடது கை அடியில் மாட்டிக்கொண்டது.

"அடி பட்டுச்சா மாமா?" என்றான் சரசுவின் தம்பி முருகன்.

"ஒண்ணுமில்லடா. ஜல்தி வா, பம்பை அடிக்கிறாங்க."

நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. பம்பைச் சத்தமும் அம்மன் பேரும்தான் உடம்பெல்லாம்.

தீயில் இறங்கி ஏறினேன். சித்திரை வெயிலில் களத்துமேட்டில் நடக்கிற சூடுகூட இல்லை. பால்குழியில் காலை நனைத்துவிட்டு ராஜா மாதிரி நாலடி வைத்தேன். ஐந்தாவது அடியில், "ஐயோ, செத்தேன்!" என்று அலறி, ஒற்றைக் காலில் குதித்து, மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் சூழ்ந்துகொண்டது. "சுட்டுட்டுது. விரதத்துல இன்னா குறையோ" என்றார் ஒரு பெரியவர்.

ஒன்பது மாத வயிற்றோடு நின்ற சரசுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னாங்க பண்ணீங்க? எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமா?"

முருகன் என் காலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "கொப்புளம் ஒண்ணுகூட இல்லக்கா. நெருஞ்சி முள்ளு! இதுக்கா மாமா இந்தக் கத்து கத்தினீங்க?"

ஊரே சிரித்தது. பூசாரியும்தான். சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்து, எழுப்பிவிட என் இடது கையைப் பிடித்தாள்.

"ஏங்க, கை இன்னா இப்படி வளைஞ்சிக்கினு கீது?"

பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு தனிவழி போயிருந்தது. பார்த்த பிறகுதான் வலித்தது. அதற்கப்புறம் எனக்கு ஞாபகமில்லை, மயங்கிவிட்டேன்.

"மனசு ஒரு வேகத்துல இருந்தா, பெரிய அடியோட வலியை உடம்பு கொஞ்ச நேரம் தள்ளி வெச்சிருக்கும். வேகம் அடங்கினா சின்ன முள்ளும் உறைக்கும்" என்றார் திண்டிவனத்து டாக்டர். வலியை அம்மன் பிடித்துக்கொண்டாள் என்கிறேன் நான். இரண்டும் ஒன்றாகக்கூட இருக்கலாம்.

மாவுக்கட்டு பிரிப்பதற்குள் மகள் பிறந்தாள். ஒற்றைக் கையால்தான் வாங்கினேன்.

இன்றும் நான் கத்தினால், "நெருஞ்சி முள்ளு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். போன மாதம் மாடிப்படியில் விழுந்தேன். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். மகள் செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.