மூன்று நிமிடத்துக்கு ஒரு காலை வணக்கம்

“திங்கள். காலை 9.04: தொடர்பு அறுந்தது. கடும் மூடுபனி. 9.07: அறுந்தது. மூடுபனி. 9.10: அறுந்தது. பனி கலைகிறது. 9.13: அறுந்தது. பனி இல்லை, நல்ல வெயில். காரணம் ஆராய வேண்டும்.”

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தபோது நான் வைத்திருந்த குறிப்பேட்டில் இந்த வரிகள் இருக்கின்றன. எழுதியவன் நான். நான்கு நேரங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, கோடு போட்டு, அழகாக எழுதிவிட்டு, அவற்றை ஒருமுறைகூட வாசித்துப் பார்க்காதவனும் நானே. எதையும் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. எழுதியாயிற்று என்ற நிம்மதியில், புரிந்துகொள்ளும் வேலையை ஒத்திப்போட்டுவிடுவோம்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தோட்டத்துத் தேயிலை ஆலையில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் எடை எழுதும் வேலை. வேலை நேரத்தில் எடையை எழுதினேன். மற்ற நேரத்தில் மீதி எல்லாவற்றையும் எழுதினேன். மழை தொடங்கிய நிமிடம், மின்சாரம் போன நிமிடம், திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி இறங்கிய நேரம். (யார் கேட்டார்கள் என்று அம்மா கேட்பார். அதையும் ஒருமுறை எழுதி வைத்திருக்கிறேன்.) கிடைத்த புத்தகத்தை எல்லாம் படித்திருந்ததால், என்னை வரலாற்றாசிரியன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். இணையம் என் கைப்பேசியிலிருந்து வரும். கைப்பேசியைப் பழைய சேலைக் கிழிசலால் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால்தான் சிக்னல் கோடு இரண்டு தெரியும். இந்த வசதியை வைத்துக்கொண்டு சாதாரண மனிதன் ஏதாவது ஒரு பிரவுசரில் செய்தி படித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பான். நான் நான்கை இறக்கி, எது சிறந்தது என்று ஆராயத் தொடங்கினேன்.

நான்குக்கும் தோட்டத்துப் பதவிப் பெயர்கள் வைத்தேன். எல்லோரும் வணங்குவதும், வந்து உட்கார்ந்ததும் கணினியின் மொத்த நினைவகத்தையும் தனக்கே கேட்பதும் பெரிய துரை. யாரும் கூப்பிடாமல் கணினியோடேயே வந்து, “என்னையே வைத்துக்கொள்ளுங்களேன்” என்று தினமும் விண்ணப்பம் போடுவது கிராணி. விளம்பரம், வேவு பார்க்கிற நிரல் எதையும் உள்ளே விடாமல் வாசலிலேயே விரட்டுவது கங்காணி. நான்காவது, புது ஆள். மூன்றாம் நாளே எதுவும் சொல்லாமல் நின்றுவிட்டது.

கொழுந்தை நாளுக்கு மூன்று தடவை நிறுப்பது வழக்கம் என்பதால் பிரவுசரையும் மூன்று தடவை சோதித்தேன். ஒரே பக்கத்தைத் திறந்து, வர எத்தனை வினாடி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதுவேன். காலையில் துரை, மத்தியானம் கங்காணி, சாயங்காலம் கிராணி. காலையில் மலை முழுக்கப் பனி, சாயங்காலம் மழை, மத்தியானம் மட்டும்தான் வெயில். கங்காணி மகத்தான வெற்றி பெற்றது. (அது வெயிலின் வெற்றி என்று புரிய எனக்குப் பல மாதம் ஆயிற்று.)

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “ஏன்டா, நாலுலயும் அதே படந்தானே வருது?” என்றார்.

“படம் அதேதான்மா. வர்ற வேகம் வேற.”

“வந்து என்னா பண்ணப் போவுது? நீ பாத்துட்டு மூடத்தானே போற?”

ஆராய்ச்சியை அறியாதவர் என்று மன்னித்தேன்.

வென்ற கங்காணியை என் விருப்பப்படி திருத்த ஆரம்பித்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். எந்தத் தளமும் சத்தம் போடக் கூடாது என்று வாயைக் கட்டினேன். கேமராவும் மைக்கும் ஒவ்வொரு தடவையும் என்னிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று வைத்தேன். அந்த வாரம் மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றிருந்தது. சாலை திறந்த நிமிடத்தைத் தவறாமல் எழுத வேண்டுமே! அதற்காக, செய்திப் பக்கத்தை மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே புதுப்பிக்கும் நீட்சி நிரல் ஒன்றைக் கங்காணியில் சேர்த்தேன். “எல்லாப் பக்கங்களுக்குமா?” என்று அது பணிவாகக் கேட்டது. ஆம் என்றேன். எனக்குப் பாரபட்சம் பிடிக்காது.

இங்கே என் தங்கை மல்லிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரிங்காப்பில் ஒரு பூத் தோட்டத்தில் சாமந்தியைக் கட்டுக் கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை அவளுக்கு. வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சாமந்தி வாசம் வரும், பிறகுதான் அவள் வருவாள். தாதியர் பயிற்சிக்கு முந்தைய ஆண்டு விண்ணப்பித்து, கிடைக்காமல் போயிருந்தது. இரண்டாம் தடவை நேர்முகம் வரை வந்துவிட்டாள். அந்த ஆண்டோடு வயது வரம்பு முடிகிறது. பூத் தோட்டத்து முதலாளி, “போனா போனதுதான், திரும்பி வந்தா எடம் இல்ல” என்று சொல்லிவிட்டார். அதையும் கேட்டுவிட்டு வேலையை விட்டு வந்திருந்தாள். அவள் கைப்பேசியின் கேமராவில் கீறல் விழுந்திருந்ததால், கணினி வழி நேர்முகத்துக்கு என் மடிக்கணினிதான் கதி.

“அண்ணே, சும்மா இருக்கிறதையே தெறந்து குடு. புதுசா ஒண்ணும் பண்ணாத லா” என்று கெஞ்சினாள்.

“நான் ரெண்டு வாரமா எதுக்கு ஆராய்ச்சி பண்ணேன்?” என்றேன். கிராணியின் படத்தைத் திரையிலிருந்தே அகற்றி, கங்காணியை நடுவில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை. அப்பா ஆலைக்குப் போயிருந்தார். அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலிருந்தார். நானும்தான். மல்லிகா வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரி, பள்ளிக்கூடப் படத்துக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தாள். 9.01-க்கு இணைப்பைத் திறந்தேன். திரையில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார்.

“செலாமாட் பாகி, புவான்” என்று மலாயில் அம்மையாருக்குக் காலை வணக்கம் சொன்னாள் மல்லிகா.

அவர் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. வாயைக் கட்டியது நான்தானே! ஓடிப்போய் அவிழ்த்தேன். “தாதியாக வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்?” என்று அவர் மறுபடி கேட்டார். மல்லிகா, “நான் சிறுவயதில்...” என்று தொடங்கினாள். திரை வெள்ளையாகிவிட்டது.

“பனி” என்றேன். எழுதினேன்: 9.04.

திரும்ப உள்ளே போக, கேமராவுக்கு அனுமதி, மைக்குக்கு அனுமதி, பெயர் எழுது, வாயை அவிழ். கங்காணி ஒவ்வொரு தடவையும் அவளை முன்பின் பார்த்திராததுபோல் விசாரித்தது. உள்ளே போனதும் மல்லிகா, மரியாதை தெரிந்த பெண்ணாதலால், “செலாமாட் பாகி, புவான்” என்றாள். “சிறுவயதில், தோட்டத்து மருந்தகத்தில்...” வெள்ளை. 9.07. “செலாமாட் பாகி, புவான். அங்கே இருந்த தாதி என் அம்மாவை...” வெள்ளை. 9.10. ஒரே பதிலைத் தவணை முறையில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காம் தடவை நுழைந்தபோது, “மறுபடியும் நீங்களா?” என்று ஓரத்தில் இருந்தவர் கேட்டது எனக்கே கேட்டது.

9.13-க்குப் பனியே இல்லை. வெளியே நல்ல வெயில். ஆனாலும் நான் மனம் தளரவில்லை. உயரம் போதவில்லை என்று முடிவு செய்தேன். கைப்பேசியை அவிழ்த்துக்கொண்டு பின்பக்கம் ஓடி, கோழிக் கூண்டின் தகரக் கூரைமேல் ஏறி, கையை வானத்துக்கு நீட்டி நின்றேன். கீழே ஏழு கோழிகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

9.16. உள்ளேயிருந்து மல்லிகாவின் குரல், அழுகையை அடக்கிக்கொண்டு: “போச்சு! மறுபடி போச்சு!”

அம்மா பின்வாசலுக்கு வந்தார். இடுப்பில் கை வைத்து, கூரைமேல் நின்ற வரலாற்றாசிரியனை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன்டா, பனின்னியே. சொல்லி வெச்ச மாதிரி மூணு நிமிஷத்துக்கு ஒருக்கா போவுதே, பனி என்னா கடியாரம் கட்டியிருக்கா?”

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது. மூன்று நிமிடம். சாலை. எல்லாப் பக்கங்களும். பாரபட்சம் பிடிக்காதவன்.

இறங்க முடியாது, இறங்கினால் இருக்கிற இரண்டு கோடும் போய்விடும். தொண்டை கிழியக் கத்தினேன்: “மல்லிகா! கங்காணிய மூடு! கிராணியத் தெற! கிராணி!”

“எங்க ஒளிச்சு வெச்ச?”

“கீழ இடது பக்கம்! பேரு அடிச்சுத் தேடு!”

“நீ அங்கயே இரு! உள்ள மட்டும் வந்துராத!” என்று பதில் வந்தது. பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

நான் மதிப்பெண் குறைத்து, முகத்தை மறைத்து வைத்திருந்த கிராணி, ஒரு புகாரும் சொல்லாமல் திறந்து, அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தது. அதன்பின் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. அவள் சேர்ந்தவுடன் கத்திய என் கடைசி ‘கிராணி’ மட்டும் மைக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மலாயிலும் குமாஸ்தாவுக்கு அதே சொல்தானே. “உங்கள் வீட்டில் குமாஸ்தா வைத்திருக்கிறீர்களா?” என்று நடுவில் இருந்த புவான் கேட்டாராம். “இல்லை புவான், அண்ணன்தான். கோழிக் கூண்டுமேல் நிற்கிறார்” என்றாளாம் இவள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

நான் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். கை மரத்துப்போயிற்று. ஆலையிலிருந்து தேயிலை வதங்கும் வாசம் வந்தது. எதிர்ச் சரிவில் கொழுந்து பறிப்பவர்கள் என்னைப் பார்த்துக் கை அசைத்தார்கள். என்னால் திருப்பி அசைக்க முடியவில்லை. ஒரு பெண்ணின் ஒரே வாய்ப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த அரை மணியில் நான் எதையும் எழுதவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. கடிதம் வந்தபோது அம்மா அதை வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, என்னைத் தொடவே விடவில்லை.

இன்று மல்லிகா கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் வார்டு தாதி. நான் ஈப்போவுக்கு இறங்கிவிட்டேன். அந்த மடிக்கணினி உயிரை விட்டு நாளாயிற்று. தீபாவளிக்கு எல்லோரும் மலையேறிக் கூடும்போது, யாராவது எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் போதும், வீடே சேர்ந்து, “செலாமாட் பாகி, புவான்!” என்று கத்துகிறது. என்னைக் கட்டிக்கொண்டு வந்தவள் முதல் நாள் இதைக் கேட்டு, இது எங்கள் குடும்பத்துச் சடங்கு என்று நினைத்து, தானும் கைகூப்பி வணக்கம் சொன்னாள்.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குத் தீரவில்லை. கடைசியாக நடுவில் இருந்த புவான், “ஒரு நோயாளி மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மணியடித்துக் கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டாராம். “ஒவ்வொரு தடவையும் போவேன் புவான். வணக்கம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன்” என்றாளாம் மல்லிகா. அதைக் கேட்டு மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள், அதனால்தான் இடம் கிடைத்தது என்பது அவள் கட்சி. பக்கத்தில் நின்ற அம்மாவோ, யாரும் சிரிக்கவே இல்லை, அந்தப் புவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான் என்று அடித்துச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. நான் அப்போது கோழிகளோடு இருந்தேன்.