எல்லோரும் கேட்டுவிட்டார்கள்

லிஸ்டில் தன் பேர் ஏன் ஒன்பதாவதாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு ஃபினிஷிங் செக்‌ஷன் முனிரத்தினம் எதிரே வந்து நின்றபோதுதான், மெஷின் வாங்குவதைவிட அதற்கு லிஸ்ட் போடுவது கஷ்டம் என்று நந்தகோபாலுக்குப் புரிந்தது.

"கட்டிங் துரைசாமி ரெண்டாவது, நான் ஒம்பதாவதா? ஷூவுக்குப் பளபளப்பு குடுக்கறது யாருப்பா?"

"மெஷினுக்கு முன்ன பின்ன கிடையாதுண்ணா. ஒரு நம்பரை அழுத்தினா இருபத்தி நாலு ரூமுக்கும் ஒண்ணாவே சேதி போயிடும்."

"எல்லாம் ஒண்ணுன்னா எனக்கு ஏன் ஒம்பது?"

 முனிரத்தினம் விறுவிறுவென்று போய்விட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியின் முதலாளி அஹமது பாஷா சாஹிப், சிங்கப்பூரிலிருந்து வாய்ஸ் மெயில் என்று ஒரு பெட்டியைத் தருவித்திருந்தார். ஒரு முறை பேசிப் பதிவு செய்தால், லிஸ்டில் உள்ள எல்லா டெலிபோனிலும் சிவப்பு விளக்கு மினுங்கும். ரிசீவரை எடுத்தால் போதும், சேதி தானாகப் பேசும், விளக்கு அணைந்துவிடும். எத்தனை போனில் கேட்டாயிற்று என்பதைப் பெட்டியின் சின்னக் கண்ணாடி எண்ணிக் காட்டும்.

முதல் சேதி என்னவென்று சாஹிப் முன்பே முடிவு செய்திருந்தார். ஜெர்மன்காரன் கேட்ட நாற்பதாயிரம் ஜோடி, கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே கப்பல் ஏறிவிட்டது. தவறியிருந்தால் கம்பெனியையே இழுத்து மூடியிருக்க வேண்டும். அதற்காக இருபத்து நான்கு செக்‌ஷன் தலைவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

"வாயால சொல்லி அனுப்பாத. நோட்டீஸும் ஒட்டாத. ஒவ்வொருத்தர் காதுலயும் நானே சொல்லணும்" என்றார் சாஹிப்.

பெட்டியின் பொறுப்பை ஏற்றிருந்த நந்தகோபால் தலையாட்டினான். குடியாத்தத்தில் அவன் வீட்டுத் தறி நின்றுபோன வருஷம் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர். அவருக்காக இது ஒன்றையாவது ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டும் என்று அவனுக்கு வெறியே இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம், தையல் மெஷின் சத்தமெல்லாம் ஓய்ந்து ஆட்கள் போனபிறகு, சாஹிப் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"நான் அஹமது பாஷா பேசறேன். நீங்க இல்லன்னா இந்தக் கம்பெனி இல்ல. இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டேன், மன்னிச்சிருங்க. வியாழக்கிழமை நாலு மணிக்குக் குடும்பத்தோட முன்வாசலுக்கு வாங்க. என் கையால பிரியாணி பரிமாறணும்."

பேசி முடித்தபோது சாஹிப்புக்கே கண் கலங்கியிருந்தது.

செவ்வாய்க் காலை எட்டரைக்கு நந்தகோபால் ஓடிவந்து கண்ணாடியைப் பார்த்தான். இருபத்து நான்கு. ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டிருந்தார்கள். ஆனந்தமாகக் கட்டிங் செக்‌ஷனுக்குப் போனான்.

"இன்னா துரைசாமிண்ணா, விசேஷம் ஒண்ணும் இல்லியா?"

"விசேஷம் இன்னா? தோலு கம்மியா வந்துகீது. அதான் விசேஷம்."

ஃபினிஷிங்கில் முனிரத்தினம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நந்தகோபாலுக்கு உறைத்தது. கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி நடிக்கிறார்கள். எல்லாம் அந்த லிஸ்ட் செய்த வேலை!

அன்று சாயங்காலமும் ஆட்கள் போனபிறகு, பேர்களை அகர வரிசையில் மாற்றிப் போட்டு, அதே சேதியை மறுபடி அனுப்பினான். புதன் காலையும் இருபத்து நான்கு. புதன் காலையும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அகர வரிசையில் முனிரத்தினம் இருபதுக்குப் போயிருந்தார்.

"என் போன்ல லைட்டு ஒரு நாளும் எரியலப்பா" என்றார் அவர்.

'குத்திக் காட்டுகிறார்' என்று நினைத்துக்கொண்டான் நந்தகோபால்.

புதன் சாயங்காலம், எல்லோரும் போனபிறகு, தானே பேசினான். "நான் நந்தகோபால். தப்பு என் பேர்லதான். என் மேல இருக்கற கோபத்தைச் சாஹிப் மேல காட்டாதீங்க. கால்ல வேணும்னாலும் வுழறேன். நாளைக்கு மட்டும் வந்துருங்க." கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம் என்று எதையோ அழுத்தினான். சேதி அப்படியே எல்லா போனுக்கும் போய்விட்டது.

வியாழன் காலை, இருபத்து நான்கு.

வியாழன் நாலு மணி. முன்வாசலில் பந்தல். நான்கு பெரிய தேக்சா நிறையப் பிரியாணி, நூறு பேருக்குக் காணும். கையில் ரோஜா மாலையோடு சாஹிப். எதிரே காலி நாற்காலிகள். உள்ளே மெஷின்கள் எப்போதும்போல் தடதடத்துக்கொண்டிருந்தன.

"எல்லாரும் கேட்டாங்கதானே?"

"மூணு வாட்டியும் கேட்டாங்க சாஹிப்."

"கேட்டும் வரலியா!"

"நான் போய்க் கூட்டினு வர்றேன்..."

"வேணாம். என் நன்றி அவங்களுக்கு வேணாம்னா வுட்டுடு." சாஹிப் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நந்தகோபால் கேட்டைப் பார்த்துத் திரும்பினான்.

அப்போது கேட்டுக்குள் இரண்டு குதிரை வண்டிகள் நுழைந்தன. முதல் வண்டியிலிருந்து, விடியற்காலையில் வந்து கூட்டித் துடைத்துவிட்டு மற்றவர்கள் வருவதற்குள் போய்விடும் மஹ்பூபி இறங்கினாள். மடிப்புக் கலையாத பச்சைப் புடவை. பின்னால் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் என்று பதினான்கு பேர்.

யாராவது வந்தார்களே என்ற நிம்மதியில் நந்தகோபாலுக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. சாஹிப் எழுந்துபோய் மாலையை அவள் கையில் கொடுத்து, முதல் நாற்காலியில் உட்காரவைத்து, முதல் தட்டைத் தன் கையாலேயே பரிமாறினார். அதன்பிறகுதான், "நீயாவது வந்தியேம்மா, ரொம்ப சந்தோஷம்" என்றார்.

மஹ்பூபி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா சாஹிப் இப்டிச் சொல்றீங்க? ஒரு ரூம்ல கூப்ட்டா நான் வரமாட்டேனா? துடைக்கறதுக்குப் போனைத் தூக்கற இருபத்தி நாலு ரூம்லயும், மூணு நாளா, நீங்களும் இந்தத் தம்பியும் என்னை இப்டியா கெஞ்சறது!"