காணாமல் போன 'டியர்'

மேனேஜர் மேடத்தின் செய்தியில் 'டியர்' இல்லை. 'சுகுணன், ஸ்டாக் விவரம் அனுப்பவும்' என்று மொட்டையாக வந்திருந்தது.

சுகுணன் புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். ஆலப்புழைக் குடைக் கம்பெனியில் அவன் கிளார்க். போன வாரம் வரை 'டியர் சுகுணன்' என்றுதான் ரேச்சல் மேடம் எழுதுவார். காசர்கோடு கிடங்குக்கு ஒரு ஆளை மாற்றப் போவதாக ஆபீசில் வேறு பேச்சு. அங்கே போனால் மாதம் ஒருமுறைதான் வீட்டுச் சோறு.

"என் சீட்டைக் கிழிக்கப் போறாங்க, ஷோபனா."

மனைவி ஷோபனா பி.காம். அந்த வீட்டில் இங்கிலீஷ் அவள் இலாகா. செய்தியை இரண்டு முறை படித்தாள்.

"சரியாத்தானே எழுதியிருக்காங்க. ஆபீஸ்னா இப்படித்தான் இருக்கணும். நீங்களும் 'ரெஸ்பெக்டட் மேடம்'னு அடக்கமா போடுங்க, ஏட்டா."

போட்டான். 'என்ன தப்பு செய்தீர்கள்?' என்று பதில் வந்தது.

பதறிக்கொண்டு ஆபீசுக்கு ஓடி, 'அட் ஆபீஸ்' என்று அனுப்பினான். 'அட்' என்றால் வாட்ச்மேன் மாதிரி வாசலில் நிற்பதாக ஆகிவிடுமோ? அழித்துவிட்டு 'இன் ஆபீஸ்' என்று அனுப்பினான். அதிலும் சந்தேகம் வந்து அதையும் அழித்தான். இரண்டு செய்திகள் அழிக்கப்பட்ட தடம் மட்டும் மேடத்தின் போனில் மிஞ்சியது.

'எதை மறைக்கிறீர்கள்?' என்றார் மேடம்.

வீட்டுக்குப் போன் போட்டான். "ஷோபனா, 'ஹாய்'னு ஆரம்பிக்கட்டா?"

"ஹாயா? அவங்களுக்கு எதுக்கு ஹாய்?" அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "பேரைக்கூடப் போடாம விஷயத்தை மட்டும் எழுதுங்க."

இவளை நம்பினால் காசர்கோடுதான் என்று சுகுணனுக்குத் தோன்றியது. நாம் ஒரு 'டியர்' வைத்தால்தானே மேடமும் ஒன்று திருப்பி வைப்பார்? 'டியரஸ்ட் மேடம்' என்று தாராளமாகவே வைத்தான்.

'கேபினுக்கு வரவும்.'

மேசையில் மாற்றல் உத்தரவு கிடந்தது. பெயர் எழுதும் இடம் காலி. சுகுணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எல்லாருக்கும் டியர் போடுறீங்க, மேடம். எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

"உங்களுக்குக் கண்டிப்பா வேணுமா?"

"வேணும், மேடம்."

ரேச்சல் மேடம் பேனா மூடியைத் திறந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. 'ஒண்ணு டியரை நிறுத்துங்க, இல்லன்னா அவரை உங்க கண்ணுல படாத ஊருக்கு மாத்திடுங்க'ன்னு ஞாயித்துக்கிழமை எனக்கு எழுதினதே உங்க ஷோபனாதான்."